உள்ளூர் மாடும் ஒதுங்க ஓர் இடமும்

(பல்லாவரத்தில் நூலக வாசகர்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில், ‘நம் ஊரைச் சுற்றிப் பார்ப்போம்’ என்ற தலைப்பில் பேசியது. மேடையில் நினைவுக்கு வராத இரண்டு ஆண்டுகளை மட்டும் பிறகு சேர்த்திருக்கிறேன். மற்றபடி பேசியது பேசியபடி.)

அவைக்கு வணக்கம்.

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே! என் மகளுக்கும் மகனுக்கும் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். மகளுக்குக் கணக்கு வந்தது. மகனுக்கு வராமல் போனது ஐயாவின் குற்றமில்லை. சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே! இன்று மாலை மட்டும் ஒரு காதுகுத்து, ஒரு கடைத்திறப்பு இரண்டையும் முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். சாப்பிட்டாரா என்றுகூட யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். கேட்டதை அவர் நினைவில் வைத்துக்கொள்வார், பிறகு நான் வேறொன்று கேட்கும்போது உதவும். நூலகர் அம்மா அவர்களே! நாற்காலிகளை வாடகை வாங்காமல் கொடுத்த மண்டபத்துக்காரர் அவர்களே! தேநீரும் மசால்வடையும் என் பொறுப்பு என்று சொன்ன கடைக்கார அண்ணாச்சி அவர்களே! வடை வாசனை இங்கே வரை வருகிறது, அதனால் சுருக்கமாகப் பேச முயல்கிறேன். ஒலிபெருக்கித் தம்பிக்கும் நன்றி. போன கூட்டத்தில் என் பேச்சில் பாதி ‘கூ’ என்ற சத்தத்திலேயே போய்விட்டது. அந்தப் பாதிதான் நன்றாக இருந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். வீட்டில் ஏற்கெனவே நாலு இருக்கிறது. அடுத்த முறை ஒரு புத்தகமாகக் கொடுங்கள், படித்துவிட்டு நூலகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து விஷயம் பேசப் போகிறேன். முதலில் கல். அப்புறம் மலை. மூன்றாவது கோயில். நான்காவது நம் வெள்ளிக்கிழமைச் சந்தை. ஐந்தாவது பெரிய ஏரி. ஐந்தையும் துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். 31 ஆண்டு இந்த வட்டாரத்தில் தபால்காரனாகச் சுற்றியவன் நான். பம்மல், அனகாபுத்தூர், திருநீர்மலைப் பக்கமெல்லாம் சைக்கிள் மிதித்திருக்கிறேன். எத்தனையோ வீட்டுக்குத் தாஜ்மகால் படம் போட்ட அஞ்சலட்டையும் சிம்லா படம் போட்ட அஞ்சலட்டையும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் திரிசூலம் கோயிலைப் பார்த்திருப்பார்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். சரி, இறக்குங்கள். பாதிக்கும் குறைவு. திரிசூலம் ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கியிருப்பீர்கள், விமானம் பிடிக்க.

முதல் விஷயம், கல். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி. அக்கினி வெயில். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் துறை அதிகாரி நம் பல்லாவரத்தில் ராணுவப் பரேடு மைதானத்துப் பக்கம் சரளை தோண்டிய ஒரு குழியில் ஒரு கல்லைப் பார்க்கிறார். நீங்களும் நானுமாக இருந்தால் காலால் எத்திவிட்டுப் போயிருப்போம். அவர் குனிந்து எடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கல் கோடரி. இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற ஆராய்ச்சியே அந்தக் குழியிலிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்ற இன்னொருவரும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டுபிடித்தார்கள். அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு 15 லட்சம் வயது என்று பின்னாளில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஃபுட் சேர்த்த கற்களைப் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 1880களில் அலெக்சாந்தர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி நம் ஊர்க் குன்றில் தோண்டியெடுத்த சுடுமண் ஈமத்தொட்டியும், அதாவது இறந்தவரை வைத்துப் புதைக்கிற தொட்டியும், எழும்பூரில்தான் இருக்கிறது. நீளமாகத் தொட்டி மாதிரி, அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். பாட்டி வீட்டு அண்டாவுக்குக் கால் முளைத்தது போல இருக்கும். உள்ளூர் மாடு விலைபோகாது என்று எழும்பூருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் கற்கால மனிதனை நினைத்தால் எனக்கு ஒரு விஷயத்தில் பொறாமைதான். அவசரம் என்றால் அவனுக்குப் புதர் இருந்தது. இந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

குன்றில் ஒரு குகை இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குடைவரை. அவனுடைய பட்டப்பெயர்களைப் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். பல்லவபுரம்தான் பல்லாவரம் ஆனது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இன்று அது தர்கா. பல்லவன் குடைந்த பாறையில் பச்சைக்கொடி பறக்கிறது, ஊதுவத்தி மணக்கிறது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம். 1,400 ஆண்டுக்குப் பிறகும் ஆள் வந்து கும்பிடுகிற இடமாகவே இருக்கிறது, பாழடையவில்லை.

மறைமலையடிகளை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், அவர் என் ஐந்தில் இல்லை, ஆனாலும் விட மனமில்லை. 1911இல் பல்லாவரத்துக்கு வந்தவர் 1950இல் காலமாகும் வரை சாவடித் தெருவில்தான் இருந்தார். 1916இல் தனித்தமிழ் என்று அவர் தொடங்கியது இந்த ஊரில்தான். அவர் சேர்த்த புத்தகங்களும் சென்னைப் பட்டணத்துக்குப் போய் அவர் பெயரில் நூலகமாயின. கல்லும் போச்சு, தொட்டியும் போச்சு, புத்தகமும் போச்சு. நூலகர் அம்மா சிரிக்கிறார்கள். சிரிக்காதீர்கள் அம்மா, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

இரண்டாவது, மலை. பரங்கிமலை. 1523இல் போர்த்துக்கீசியர் கட்டிய தேவாலயம். உள்ளே கல்லில் செதுக்கிய ஒரு சிலுவை, அதைச் சுற்றிப் பஹ்லவி எழுத்து. பாரசீகத்தில் வழங்கிய எழுத்து நம் மலை உச்சியில் இருக்கிறது. தோமையார் கதை உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது 1802. ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்ற நில அளவை அதிகாரி அந்த மலையடியில் சங்கிலியை விரித்தார். 100 அடி நீளச் சங்கிலி. அதை வைத்து ஏழரை மைல் அளந்தார். அந்த ஏழரை மைல்தான் அடிக்கோடு. அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் போட்டுக்கொண்டே போய், இமயமலை வரைக்கும் அளந்தார்கள். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் கணக்கில் வந்ததற்குப் பிள்ளையார் சுழி பரங்கிமலையில் போட்டது.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. வெயிலில் இரும்பு நீளும், கணக்குத் தப்பும் என்று சங்கிலிக்கு வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்திருக்கிறார்கள். சங்கிலிக்கு! இன்று நம் ஊர் இடங்களைப் பார்க்க வருகிற மனிதருக்கு நிழல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, ஒதுங்க இடம் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? உறுப்பினர் அவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். நன்றி.

மூன்றாவது, கோயில்.

திரிசூலநாதர் கோயில் விமான நிலையத்துக்கு எதிரே, மலைகளுக்கு நடுவில். முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சோழர் கோயில். பிரகாரத்தில் நின்றால் தலைக்கு மேல் விமானம் இறங்குகிற சத்தம். அர்ச்சகர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து சொல்வார். இதற்காகவே ஒரு முறை போகலாம்.

திருநீர்மலை, நூற்றெட்டுத் திருப்பதியில் ஒன்று. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றிலும் வெள்ளமாம். ஆறு மாதம் காத்திருந்து, தண்ணீர் வடிந்த பிறகு போய்ச் சேவித்தார் என்பது ஐதீகம். பெருமாள் இங்கே நாலு கோலத்தில் இருக்கிறார். அடிவாரத்தில் நீர்வண்ணர், நின்ற கோலம். மலைமேல் நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்த பெருமாள் நடந்த கோலம். நின்றான், இருந்தான், கிடந்தான், நடந்தான். இந்த நாலையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதம். ஈரோட்டுப் பக்கமிருந்து என் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சம்பந்தி, சம்பந்தியம்மா, அவர்களுடைய இளைய மகள், எல்லோருக்கும் மேலாகச் சம்பந்தியின் அம்மா. 74 வயது. சர்க்கரை உண்டு. குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி. வந்த அன்று ராத்திரியே கேட்டார்: “தம்பி, உங்கூர்ல பாக்க என்னங்க இருக்குது?”

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தபால் கொடுக்கப் போகிற தெருக்களுக்கு பீட் போடுவது போல ஒரு தாளில் திட்டம் போட்டேன். திரிசூலம் 6 மணி, திருநீர்மலை 8 மணி, குன்றத்தூர், கோவூர், மாங்காடு. எங்கள் வீட்டம்மா தாளைப் பார்த்துவிட்டு, “இதில் எல்லாம் எழுதியிருக்கீங்க, ஒண்ணுதான் எழுதலை” என்றாள். என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

வேன் பிடித்தோம். காலையில் பொங்கல், இரண்டு காப்பி. திருநீர்மலையில் அந்த அம்மா அத்தனை படியும் ஏறி, நாலு பெருமாளையும் சேவித்துவிட்டு, என்னைவிடத் தெம்பாக இறங்கினார். அடுத்த இடம். பெயர் சொல்ல மாட்டேன், மேடை நாகரிகம். அங்கே போய் இறங்கியதும் என் கையைப் பிடித்தார். “தம்பி, இங்கெங்காச்சும் ஒதுங்க இடமிருக்குங்களா?”

இருக்கிறது. இருந்தது. வெள்ளையடித்த சின்னக் கட்டடம், ‘பெண்கள்’ என்று எழுதி, பக்கத்தில் கூந்தல் முடிந்த ஒரு பெண்ணின் படம். கதவில் என் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. சாவி எங்கே என்று பூக்காரம்மாவைக் கேட்டேன். சாவி ஒருத்தர்கிட்ட இருக்குது என்றார். அந்த ஒருத்தர் எங்கே? கல்யாணத்துக்குப் போயிருக்கார். எப்போது வருவார்? கல்யாணம் நாளைக்குத்தானே, இன்னைக்கு ரிசப்ஷன் என்றார். அந்தக் கூந்தல்காரப் படம் மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கிறது.

74 வயது, சர்க்கரை. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சம்பந்தி வானத்தைப் பார்க்கிறார். டிரைவர் டயரைப் பார்க்கிறார். ஆண்பிள்ளைகளுக்கு இந்த நேரத்தில் பார்க்க ஏதாவது கிடைத்துவிடும். அப்போதுதான் எனக்குள் இருந்த தபால்காரன் விழித்துக்கொண்டான். எந்தத் தெருவில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் தண்ணீர் கேட்கலாம், இதெல்லாம் ஓய்வு பெற்றாலும் மறக்காது. மூன்றாவது தெருவில், முருங்கை மரத்து வீடு. பல வருஷம் மாதாமாதம் அந்த வீட்டுக்கு மணியார்டர் கொண்டுபோயிருக்கிறேன். பெரியம்மாவை நடத்திக்கொண்டு, பாதி தூரம் ஓட்டமாக, போய்க் கதவைத் தட்டினேன்.

கதவு திறந்தது. எனக்கு நரைத்ததைப் போலவே அந்த அம்மாவுக்கும் நரைத்திருந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. “அட, தபால்காரரா! யாருக்கு என்ன வந்திருக்கு?”

“இன்னைக்குத் தபால் இல்லைம்மா. ஒரு அம்மா வந்திருக்காங்க” என்றேன்.

அந்த அம்மா என் சம்பந்தியின் அம்மா முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் நீர்மோர். அப்புறம் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து மருமகள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். முக்கால் மணி நேரம். டிரைவர் ஹாரன் அடிக்கிறான். கிளம்பும்போது ஒரு கட்டு முருங்கைக்காய் வேனில் ஏறியது. குன்றத்தூர் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்திவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டில் மகள் போனில் கேட்கிறாள், “என்ன பாட்டி, எல்லாம் பார்த்தீங்களா?” பாட்டி சொன்னார்: “பாத்தங்கண்ணு. காலைல ஒருத்தர் நின்னாரு, ஒருத்தர் இருந்தாரு, ஒருத்தர் கிடந்தாரு, ஒருத்தர் நடந்தாரு. மத்தியானம் நான் ஓடுனேன்.”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அப்புறம் வேனைக் கழுவ வேண்டும் என்று டிரைவர் சொன்னதால் தண்ணீர் பாட்டில்களை எடுக்கப் போனேன். காலையில் ஆளுக்கொன்று என்று நிரப்பி வைத்தது. சம்பந்தியுடையதும் என்னுடையதும் காலி. சம்பந்தியம்மா, அவர் மகள், எங்கள் வீட்டம்மா, மூன்று பேருடைய பாட்டிலும் கழுத்து வரை அப்படியே இருந்தது. மூடிகூடத் திருகவில்லை. தை மாத வெயில் ஒன்றும் சாதாரணமில்லை, விடியற்காலையிலிருந்து சாயங்காலம் வரை. ஏன் குடிக்கவில்லை என்று எங்கள் வீட்டம்மாவைக் கேட்டேன். “வெளியே போனா நாங்க எப்பவும் குடிக்க மாட்டோமே, இப்பத்தான் பார்க்கறீங்களா?” என்றாள். கல்யாணமாகி 36 வருஷம் ஆகிறது. அவள் எழுதச் சொன்ன அந்த ஒன்று என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். சோழ நாட்டில் அமைச்சராக இருந்து, பெரியபுராணம் பாடியவர், கும்பகோணத்துப் பக்கத்துத் திருநாகேசுவரத்தின் மேலிருந்த அன்பில் தன் ஊரிலேயே ஒரு நாகேசுவரம் கட்டினார். குன்றின்மேல் முருகன், படி 84. கோவூரில் தியாகராஜர் தங்கிப் பாடிய ஐந்து கீர்த்தனை உண்டு. மாங்காட்டில் காமாட்சி ஒற்றைக்காலில் தவமிருந்த தலம், ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வருகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். இதெல்லாம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் ஆறு வாரம் வருகிற அந்தப் பெண்கள் எத்தனை மணிக்கு வீட்டில் கடைசியாகத் தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு இப்போது வேறு எதுவும் பேச வரவில்லை.

உள்ளூர் மாடு விலைபோகாது என்றேன். அது மாட்டின் குற்றமா? சந்தைக்கு ஓட்டிப்போகிற மாட்டைக்கூடக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, தண்ணீர் காட்டித்தான் ஓட்டுவார்கள். நம் வெள்ளிக்கிழமைச் சந்தையே ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று செடி, பழைய துணி, பழைய டி.வி., கழற்றிய மிக்ஸி ஜார் மூடி வரைக்கும் கிடைக்கிறது. எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ரோட்டோரம் காலையிலிருந்து இருட்டும் வரை உட்கார்ந்து வியாபாரம் பண்ணுகிற பெண்களிடம் நான் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன், அவசரம் என்றால் என்ன செய்வீர்கள் என்று. ஒருத்தி சொன்னாள், “வியாழக்கிழமை ராத்திரியே சாப்பாட்டைக் குறைச்சுக்குவோம் சார்.” நான்காவது விஷயம் அவ்வளவுதான்.

இதுவரை நாலு மனு போட்டிருக்கிறேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. நாலு அட்டையும் முத்திரையோடு திரும்பி வந்தன, என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மனுவுக்குப் பதில்தான் வரவில்லை. 31 ஆண்டு ஊராருக்கெல்லாம் பதில் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்கு ஒரு பதில் வரவில்லை.

நான் கேட்பது பெரிய திட்டமில்லை. வளைவு வேண்டாம், நீரூற்று வேண்டாம், ‘ஐ லவ்’ என்று ஊர்ப் பெயரோடு வெளிச்சம் போடுகிற எழுத்தும் வேண்டாம். ஆள் வருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கழிப்பறை, ஒரு குடிநீர்க் குழாய், நிழலில் ஒரு பெஞ்சு. கட்டுவது முக்கியமில்லை, கட்டியது நிறைய இருக்கிறது. சாவி யாரிடம் என்பதுதான் முக்கியம். அந்தந்தத் தெரு மகளிர் குழுவிடம் சாவியைக் கொடுங்கள், மாதம் ஒரு தொகை கொடுங்கள். கல்யாணத்துக்குப் போனால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பல்லாவரம் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்து, அதாவது 2021லிருந்து, நாமும் மாநகரத்துக்காரர்கள். மாநகரத்துக்காரர்கள் கேட்பதைக் கேட்கிறோம்.

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘வடை ஆறுகிறது’ என்று எழுதியிருக்கிறார். பெரிய ஏரியை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம், நடுவே ரோடு போட்ட ஏரி, இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கும்.

வாசல் பக்கம் மேசையில் ஐந்தாவது மனு இருக்கிறது. உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாக இப்போதுதான் தலையாட்டினார்கள், எல்லோரும் பார்த்தீர்கள். அவருக்குப் பின்னால் வரிசையில் பெண்கள் முதலில் வாருங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் தெருப் பெயரும் எழுதுங்கள், பின்கோடு 600043, மறக்க வேண்டாம். பேனாவைச் சணல் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். போன முறை இரண்டு பேனா போய்விட்டது.

நன்றி, வணக்கம்.